பேராசிரியர் எழுதிய ஒரு வரி

தாவீது பசியோடு போய் அப்பம் கேட்டபோது பிரதான ஆசாரியராக இருந்தவர் யார்? அபியத்தார் என்கிறது மாற்கு 2:26. 1 சாமுவேல் 21-ஐப் புரட்டினால், அப்பம் கொடுப்பவர் அவருடைய தந்தை அகிமெலேக்கு.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் படித்த பார்ட் எர்மன், இந்த முரணைச் சரிக்கட்ட நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். வேதாகமத்தில் பிழையே இல்லை என்று போதிக்கும் சிகாகோவின் மூடி வேதாகமக் கல்லூரியில் படிப்பைத் தொடங்கியவர் அவர். கட்டுரை திரும்பி வந்தது. கடைசியில் பேராசிரியர் ஒரு வரி எழுதியிருந்தார்: மாற்கு தவறியிருக்கலாம். அந்த வரி தம் பார்வையையே மாற்றியதாக 2005-இல் வெளிவந்த நூலில் எர்மன் சொல்கிறார். பாப்டிஸ்ட் சபையொன்றில் போதகராக இருந்தவர், பின்னாளில் விசுவாசத்தை விட்டு விலகினார்.

இறையியல் கல்லூரிக்குப் போனால் ஜெபம் போய்விடும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அந்த வரிக்குப் பிறகும் எர்மன் பல ஆண்டுகள் கிறிஸ்தவராகவே இருந்தார். தம்மை விலகச் செய்தது உலகில் மனிதர் படும் துன்பம்தான், வேதாகமக் கையெழுத்துப் பிரதிகளின் வேறுபாடுகள் அல்ல என்று அவரே எழுதியிருக்கிறார்.

அவருடைய ஆசான் புரூஸ் மெட்ஸ்கர். புதிய ஏற்பாட்டுப் பிரதிகளில் எந்தச் சொல் எங்கே மாறுகிறது என்று அலசியே வாழ்நாளைக் கழித்தவர். பிரின்ஸ்டனில் 46 ஆண்டுகள் ஆசிரியர். பிரெஸ்பிடீரியன் போதகரான அவர், 2007-இல் இறக்கும்வரை விசுவாசத்தில் தளரவில்லை. எர்மனின் அந்த 2005 நூல் அவருக்குத்தான் சமர்ப்பணம்.

ஒரே படிப்புதான். அப்படியானால் மாணவர் எதைச் சுமந்துகொண்டு வகுப்புக்குள் நுழைகிறார் என்றல்லவா பார்க்க வேண்டும்? ஒரு பெயர் பிசகினாலும் எல்லாமே பொய் என்று ஞாயிறு பள்ளியில் நம்பவைக்கப்பட்ட பிள்ளைக்கு, அபியத்தார் ஒருவரே போதும்.

தமிழ்ச் சபைகளிலும் இதே கதைதான். பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைப் பற்றிய 1 யோவான் 5:7, பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இருக்கிறது; பழமையான கிரேக்கப் பிரதிகளில் இல்லை. இறையியல் படித்த ஆயர்கள் இதை அறிவார்கள். சபை கலங்கிவிடுமே என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அன்பினால்தான், ஆனாலும் அது தவறு. அவர்கள் மறைத்ததை இருபது வயதுப் பிள்ளை வகுப்பறையில் திடீரென்று, கூடப் பேச ஆளில்லாமல், தனியாக எதிர்கொள்கிறது.

அடுத்த முறை அந்த வசனத்தை வாசிக்கும் ஆயர், பிரசங்கத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்தப் பிரதிகளின் கதையைச் சொல்லட்டும். பாயில் உட்கார்ந்து கேட்கும் பிள்ளைகளில் யாரோ ஒருவர் நாளை இறையியல் கல்லூரிக்குப் பெட்டி கட்டக்கூடும்.