டயப்பர் காசை மிச்சம் பிடிக்கிறதுக்கு முன்னாடி, துணியைத் துவைக்கிறது யாருன்னு கேளுங்க



"டயப்பருக்குப் போற காசை எஸ்.ஐ.பி-ல போட்டா, குழந்தை காலேஜ் போறப்ப லட்சக்கணக்குல சேர்ந்திருக்கும்." இந்த மாதிரி ஒரு ரீல்ஸை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. புதுசா அப்பா ஆன பையன் அதைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போய், "பழைய வேட்டியைக் கிழிச்சுக் கட்டினா போதாதா? எங்க அம்மா அப்படித்தானே எங்களை வளர்த்தாங்க?"ன்னு கேட்கிறான். அன்னைக்கு ராத்திரி அந்த வீட்ல குழந்தை மட்டும் அழலை.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். டயப்பர் ஆடம்பரம் கிடையாது. துணி பழைய பஞ்சாங்கமும் கிடையாது. ரெண்டுல எதுன்னு முடிவு பண்ண வேண்டியது ராத்திரி எழுந்திருக்கிறவங்களும், காலையில துணியைத் துவைக்கிறவங்களும்தான். எக்செல் ஷீட் போடுறவர் இல்ல.

அந்த 9 லட்சம் எங்கிருந்து வந்தது?

ஒரு டயப்பர் 10 ரூபாய்னு வெச்சுக்குவோம். பிராண்டைப் பொறுத்து கூடும், குறையும். கணக்குக்கு வசதியா இருக்கட்டும். நாளைக்கு 6 டயப்பர்னா 60 ரூபாய், மாசம் 1,800 ரூபாய். ராத்திரிக்கு ஒண்ணு, வெளியே போறப்ப ஒண்ணு, மீதி நேரம் துணின்னு மாறினா மாசம் 600 ரூபாய்தான். மிச்சம் 1,200.

இந்த 1,200 ரூபாயை மாசாமாசம், 12 சதவீத வருமானத்துல, 18 வருஷம் போட்டா சுமார் 9 லட்சத்து 18 ஆயிரம் வரும். ரீல்ஸ்ல காட்டுற நம்பர் இதுதான். பெருக்கல் எல்லாம் சரிதான். ஆனா எந்தக் குழந்தை 18 வருஷம் டயப்பர் போட்டுக்கிட்டு இருக்கு?

ரெண்டரை வருஷம்னு வைங்க. 30 மாசம், மொத்தமா நீங்க போடுறது 36,000 ரூபாய். அதை எடுக்காம, அதே 12 சதவீதத்துல குழந்தைக்கு 18 வயசு ஆகுற வரைக்கும் விட்டா சுமார் 2 லட்சத்து 68 ஆயிரம் ஆகும். விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுதுன்னா, அந்தப் பணத்தோட இன்னைய மதிப்பு சுமார் 94 ஆயிரம். அந்த 12 சதவீதத்தையும் யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரலை.

94 ஆயிரம் சின்னக் காசு இல்ல, ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு நம்ம வீட்ல யாரு, என்ன விலை கொடுக்கிறாங்க?

மணிக்கு 40 ரூபாய் கூலி

துணி ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்காது. ஒவ்வொரு தடவை ஒண்ணுக்குப் போனாலும் மாத்தணும். அதனால 4 டயப்பருக்குப் பதிலா 4 துணி போதும்னு நினைக்காதீங்க. பத்துத் துணி, கூடவே நனைஞ்ச விரிப்பு, நனைஞ்ச சட்டை. ஊற வெச்சு, துவைச்சு, அலசி, காயப்போட்டு, மடிச்சு வைக்க நாளைக்கு ஒரு மணி நேரம்னு வைங்க. மிச்சமாகுற 1,200 ரூபாயை 30 நாளால வகுத்தா 40 ரூபாய். அதாவது மணிக்கு 40 ரூபாய் கூலி.

மாசம் 30,000 சம்பளம், 26 நாள், 8 மணி நேரம்னு போட்டுப் பாருங்க. மணிக்கு 144 ரூபாய் வருது. உங்க நேரத்துக்கு 144, வீட்ல இருக்கிறவங்க நேரத்துக்கு 40. அதுவும் பிரசவம் ஆகி உடம்பு தேறாத, சேர்ந்தாப்ல மூணு மணி நேரம் தூங்காத ஒருத்தரோட நேரம்.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல, ஏற்றுமதிக்குப் போற துணியைத் துவைச்சு வெளுக்கிறவங்களை வெச்சு உருவான பேட்டைதான் நம்ம வண்ணாரப்பேட்டை. துவைக்கிறது ஒரு வேலைன்னு, லாபம் பார்க்க வந்த வெள்ளைக்காரனுக்கே தெரிஞ்சிருந்தது. நம்ம வீட்டு பட்ஜெட்ல மட்டும் அந்தக் கட்டத்துல பூஜ்யம் போட்டு வெச்சிருக்கோம்.

இதுல வடசென்னைக்குன்னு தனிக் கணக்கும் இருக்கு. காட்டுப்பள்ளியில கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை 2010-ல இருந்து இருக்கு. நாளைக்கு 10 கோடி லிட்டர் அதோட திறன். ஆனா காசிமேட்டுச் சந்துல இன்னும் அடி பம்புல குடம் வெச்சு அடிக்கிற வீடுகள் இருக்கு. அங்க பத்துத் துணியை ரெண்டு தண்ணி அலசுறதுன்னா, அந்தத் தண்ணியை யாரோ அடிச்சு, யாரோ மாடி ஏத்தணும். எண்ணூர்ப் பக்கம் மொட்டை மாடியில துணி காயப்போட்டா, அனல்மின் நிலையச் சாம்பல் படியும்னு அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில கேட்கவே வேணாம். வீடு முழுக்கக் கொடி கட்டினாலும் காயாது.

"எங்க அம்மா வளர்க்கலையா?" வளர்த்தாங்க. அப்போ பக்கத்துல பாட்டி இருந்தாங்க, அத்தை இருந்தாங்க, கைமாத்த ஆள் இருந்தாங்க. நீங்க திருவொற்றியூர்ல ஒரு பெட்ரூம் வாடகை வீட்ல ரெண்டே பேரா இருக்கீங்க.

துணி வேணாம்னு சொல்ல வரலை. நல்ல காட்டன் துணி குழந்தை தோலுக்கு இதமா இருக்கும். எம்.சி. ரோட்டுல மெத்துன்னு துணி வாங்கி, நீங்களே துவைக்கிறீங்களா? தாராளமா மிச்சம் பண்ணுங்க. வாஷிங் மெஷினும் தண்ணியும் இருக்கா? இன்னும் நல்லது. மத்தவங்க கையால சேமிச்சுட்டு அதுக்கு நாம பேர் வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒழுகுறது டயப்பர் மட்டுமில்ல, காசும்தான்

சரி, டயப்பர்தான்னு முடிவு பண்ணிட்டீங்க. அடுத்த தலைவலி, ஒழுகல். விடிகாலை மூணு மணிக்கு மெத்தை நனைஞ்சிருக்கும். உடனே நம்ம ஆளு அடுத்த நாள் இன்னும் விலை கூடுன பிராண்டுக்குத் தாவுவார். பிராண்டை மாத்துறதுக்கு முன்னாடி சைஸைப் பாருங்க.

டயப்பர் சைஸ் வயசுக்கு இல்ல, எடைக்கு. பேண்ட் மாதிரி போடுற டயப்பர்கள்ல பெரும்பாலும் எஸ் 4–8 கிலோ, எம் 7–12 கிலோ, எல் 9–14 கிலோன்னு போட்டிருப்பாங்க. ஏழரைக் கிலோ குழந்தைக்கு எஸ்ஸும் சரி, எம்மும் சரின்னு வரும். தொடையில, இடுப்புல சிவப்பா அச்சு விழுந்தா பெரிய சைஸுக்குப் போங்க. தொடை ஓரத்துல இடைவெளி தெரிஞ்சா சின்ன சைஸ்.

கணக்கைப் பாருங்க. சின்ன சைஸ் ஒழுகி, நாளைக்கு 6-க்குப் பதிலா 8 மாத்துறீங்க: மாசம் 2,400 ரூபாய். பெரிய சைஸ் ஒண்ணுக்கு 1 ரூபாய் கூட, ஆனா 6 போதும்: மாசம் 1,980. "விலை கூட"ன்னு நினைச்ச சைஸ்தான் 420 ரூபாய் மிச்சம் பண்ணுது. மெத்தை நனையாதது தனி லாபம்.

இன்னும் சில விஷயம்:

- கால் ஓரத்துல இருக்கிற சுருக்குத் துணி உள்பக்கமா மடிஞ்சிருந்தா கண்டிப்பா ஒழுகும். போட்டதும் விரலை விட்டு ஒரு சுத்து வெளியே இழுத்து விடுங்க.
- ஆண் குழந்தைக்கு உறுப்பு கீழ்நோக்கி இருக்கிற மாதிரி போடணும். இல்லேன்னா ஈரம் இடுப்பு வழியா மேல வந்துடும்.
- தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு மலம் தண்ணியாத்தான் போகும். முதுகு வரைக்கும் ஏறும். பின்பக்கம் நல்லா ஏத்திப் போடுங்க. கைக்குழந்தைக்கு ரெண்டு பக்கமும் ஒட்டுற வகை, தவழ ஆரம்பிச்சா பேண்ட் வகை வசதி.
- உள்ளே இருக்கிற பொடி ஈரத்தை ஜெல் மாதிரி ஆக்கிப் பிடிச்சுக்கும். அதுக்கும் ஓர் அளவு இருக்கு. மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை பாருங்க. மலம் போனா உடனே மாத்துங்க. 10 ரூபாயை மிச்சம் பண்ணப் போய்த் தோல் புண்ணானா, டாக்டர் ஃபீஸ் எத்தனை டயப்பர் விலைன்னு யோசிங்க.
- மெத்தைக்கு மேல ஒரு ரப்பர் ஷீட். ஒரே ஒருதடவை செலவு.

வாங்குறதுல கவனிக்க வேண்டியது

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில பிறந்தாலும் சரி, கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில பிறந்தாலும் சரி, குழந்தையோட எடை அஞ்சு மாச வாக்குல ரெண்டு மடங்காகும், ஒரு வயசுல மூணு மடங்கு. அதனால ஆஃபர்ல கிடைக்குதேன்னு ஒரே சைஸ்ல நாலு பெரிய பாக்கெட் வாங்கி அடுக்காதீங்க. பிறந்த குழந்தை சைஸ்ல ஒரே ஒரு சின்ன பாக்கெட் போதும். பாக்கெட் விலையைப் பார்க்காம, ஒரு டயப்பர் எவ்வளவுன்னு வகுத்துப் பாருங்க.

2025 செப்டம்பர் 22-ல இருந்து குழந்தை டயப்பருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்துல இருந்து 5 ஆகக் குறைஞ்சிருக்கு. வரியோட 112 ரூபாய்க்கு வித்தது 105-க்கு வரணும். நீங்க வாங்குற பாக்கெட்ல அது தெரியுதான்னு பழைய பில்லோட ஒப்பிட்டுப் பாருங்க.

குழந்தை வரப்போகுதுன்னு தெரிஞ்ச வீட்டுக்கு ஒரு யோசனை: அஞ்சாம் மாசத்துல இருந்து மாசம் 2,000 ரூபாய் தனியா எடுத்து வைங்க. பிரசவத்துக்குள்ள 10,000 சேரும். அஞ்சு மாச டயப்பர் செலவு அதுலயே முடிஞ்சிடும். இது ஆர்.டி.-ல இருக்கட்டும். மியூச்சுவல் ஃபண்டுக்கு இந்தக் காசு வேணாம்.

உண்மையான பெரிய தொகை எது தெரியுமா?

மாசம் 1,800 ரூபாய்க்கு இவ்வளவு பேசுறோம். அம்மா மறுபடி வேலைக்குப் போக முடியாமப் போனா, 25,000 சம்பளக்காரர் வீட்டுக்கு மாசம் 25,000 நஷ்டம். அதைப் பத்தி ரீல்ஸ் வர்றதில்ல.

2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட பிரசவ விடுப்பு. அதுக்கு முந்தைய 12 மாசத்துல 80 நாள் வேலை பார்த்திருக்கணும். இ.எஸ்.ஐ.-ல இருக்கிறவங்களுக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கும். மணலி, எண்ணூர்ப் பக்கம் கான்ட்ராக்டர் மூலமா வேலை பார்க்கிறவங்க, உங்க பேர்ல இ.எஸ்.ஐ. சந்தா ஒழுங்கா கட்டுறாங்களான்னு இப்பவே பாருங்க. குழந்தை பிறந்த பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்ல. 50 பேர் வேலை பார்க்கிற இடத்துல குழந்தைகள் காப்பகம் இருக்கணும், அம்மா நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம்னும் சட்டம் சொல்லுது. கேளுங்க. கேட்கிறதுக்குக் காசு இல்ல.

அப்பாக்களுக்குத் தனியார் வேலையில சட்டப்படி விடுப்பு கிடையாது. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. அதனால விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி கிண்டியில வேலைக்குப் போறவர், ராத்திரி கன்டெய்னர் லாரி சத்தத்துல முழிச்ச குழந்தைக்கு எழுந்து ஒரு டயப்பர் மாத்தினா, அதுதான் அந்த வீட்டோட முதல் முதலீடு. அந்த ஒரு மணி நேரத் தூக்கம்தான் அம்மாவை ஆறு மாசம் கழிச்சு ஆபீஸுக்கு அனுப்பும்.

கடைசியா, குப்பை

வடசென்னையில நாம போடுற டயப்பர் எங்கேயோ தூரமா போறதில்ல. நம்ம கொடுங்கையூருக்குத்தான் போகுது. டயப்பரை உறையில சுத்தித் தனியா போடணும்னு திடக்கழிவு விதியே இருக்கு. மலத்தைக் கழிவறையில கொட்டிட்டு, டயப்பரைச் சுருட்டி, பேப்பர்ல நல்லா சுத்திக் கொடுங்க. டயப்பரை மட்டும் கழிவறையில போட்டுடாதீங்க, பிளம்பருக்கு அழுவீங்க. அந்தக் குப்பையைக் கையால பிரிக்கிற தூய்மைப் பணியாளர் வீட்லயும் ஒரு குழந்தை இருக்கும்.

அதனால இந்த மாசம் பட்ஜெட் போடுறப்ப ஒண்ணு பண்ணுங்க. "டயப்பர்"ங்கிற வரிக்குக் கீழே "துவைக்கிற நேரம்"னு ஒரு வரி சேருங்க. பக்கத்துல யார் பேர்னு எழுதுங்க. ரெண்டு பேரும் உட்கார்ந்து எழுதுங்க. அதுக்கப்புறம் எஸ்.ஐ.பி. பத்திப் பேசலாம்.

அடுத்த வீடியோவுல சந்திப்போம். குழந்தை தூங்குறப்ப நீங்களும் கொஞ்சம் தூங்குங்க.