பருவம் தவறுவது யாருடைய பாவம்?

சித்திரை முதல் நாளில் கோயில்களில் பஞ்சாங்கம் படித்து, "இவ்வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, நிலத்துக்கு இவ்வளவு" என்று அளந்து சொல்லும் வழக்கம் இன்றைக்கும் நம் நாட்டில் இருந்து வருகின்றது. 2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி ஜில்லா காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அந்த ஜில்லாவில் சாதாரணமாக ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையைவிட இது அதிகமாகும். இதை எந்தப் பஞ்சாங்கக்காரர் எந்த மரக்காலில் அளந்து வைத்திருந்தார் என்று கேட்கின்றோம்.

சென்னையின் சங்கதி இதைவிட வேடிக்கை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் திறந்துவிடப்பட்டு, அடையாற்றங்கரை மூழ்கிற்று. 2019 கோடையில் அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. உடனே அறநிலையத் துறையார் கோயில்களில் மழைக்காக யாகமும் வருணஜெபமும் நடத்தும்படி உத்தரவு போட்டார்கள். வருணஜெபமென்றால் தண்ணீருக்குள் உட்கார்ந்து மந்திரம் சொல்லுவது. குடிக்கத் தண்ணீரில்லாதபோது அண்டா நிறையத் தண்ணீர்! கடைசியில் ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில்தான் தண்ணீர் வந்தது. மழை பெய்தால் ஜெபத்தின் மகிமை, பெய்யாவிட்டால் ஜனங்களின் பாவம் என்பதால், ஜெபித்தவருக்கு எப்பொழுதும் நஷ்டமில்லை.

நிற்க, உண்மைக் காரணமென்ன? நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து எரித்து, காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காயிருந்த கரியமில வாயுவை மனிதர்கள் 420 பங்குக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். பூமி சூடேறுகின்றது. காற்றின் சூடு ஒரு டிகிரி ஏறினால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியை அது தாங்கும். ஆகவே பெய்தால் வாரி இறைக்கின்றது. காய்ந்தால் நிலத்தின் ஈரத்தையும் உறிஞ்சுகின்றது. ஒவ்வொரு மழைக்கும் இதொன்றே காரணமென்று நாம் சொல்லவில்லை. நாள் குறித்துச் சொல்லுவதில் விஞ்ஞானிகளும் தவறத்தான் செய்கிறார்கள். ஆனால் தவறினால் ஒப்புக்கொண்டு கணக்கைத் திருத்துகிறார்கள். பஞ்சாங்கத்தைத் திருத்தினவர் யார்?

கடவுள் செயல் என்று சொல்லிவிட்டால் ஒருவரும் ஜவாப்தாரியில்லை என்றாகி விடுகின்றது. 2021 ஜனவரியில் தஞ்சை, திருவாரூர், நாகை ஜில்லாக்களில் முற்றின சம்பாக்கதிர் பருவந்தப்பிய மழையில் சாய்ந்து வயலிலேயே முளைத்தது. அதைப் பயிரிட்ட குத்தகைக்காரன் எந்த நிலக்கரியை எரித்தான்? நிவாரணம் கேட்கப்போனால், பட்டா யார் பேரில் என்று கேட்கிறார்கள். பட்டா கோயில் பேரிலோ மடத்தின் பேரிலோ இருந்தால் அவன் என்ன செய்வான்? யாகத்துக்கு உத்தரவு போட்டவர்கள், பட்டாவைப் பாராமல் உழுதவன் கையில் நிவாரணம் கொடுக்க ஓர் உத்தரவு போடட்டுமே!