கொழு படாத அரை ஏக்கர்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், மேடிசன் கவுன்ட்டியில் பிகிலோ கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மொத்தமே அரை ஏக்கர். சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும் விளைகிற வயல்கள். உள்ளே, 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறியவர்களின் பளிங்குக் கற்கள். அவற்றை மறைக்கும்படி புல். கேட்பாரற்றுக் கிடக்கிறது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அரசு அங்கே பாதுகாப்பது அந்தப் புல்லையும் சேர்த்துத்தான்.

அது ப்ரெய்ரிப் புல், உழவுக்கு முன் அமெரிக்காவின் நடுப்பகுதியில் வளர்ந்த இயற்கைப் புல்வெளியின் மிச்சம். மேற்கே இல்லினாய் மாநிலத்தில் மட்டும் அந்தப் புல்வெளி ஒருகாலத்தில் சுமார் 2.2 கோடி ஏக்கரில் பரந்து கிடந்தது. ஆளை மறைக்கும் உயரம். வேரோ பத்தடி ஆழம்வரை போகும். அந்த வேர்ப்பின்னலில் பழைய கலப்பைகள் திணறின. கரிய மண் கொழுவில் அப்பிக்கொள்ளும். உழுகிறவர் நின்று நின்று சுரண்டவேண்டும். 1837இல் ஜான் டீர் என்ற கொல்லர் மழமழப்பான எஃகுக் கொழு பூட்டிய கலப்பையைச் செய்தார். மண் ஒட்டாமல் புரண்டது. இன்று இல்லினாயில் பழைய புல்வெளி ஏறக்குறைய 2,500 ஏக்கர்தான். ரயில்பாதை ஓரங்களிலும் கல்லறைகளிலும் ஒண்டிக்கிடக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் உழுதவர்கள், தம் பிள்ளைகளைப் புதைத்த இடத்தில் மட்டும் ஏர் பூட்டவில்லை.

அவர்களை ‘முன்னோடிகள்’ என்று சொல்ல எனக்கு நா தயங்குகிறது. 1830களில் இல்லினாயிலிருந்து மேற்கே விரட்டப்பட்ட போட்டவாட்டமி பழங்குடி மக்களும் தங்கள் முன்னோரை அந்த மண்ணில்தான் விட்டுப்போனார்கள். அங்கே பெயர் பொறித்த கல் கிடையாது. மிஞ்சிய புல்வெளிதான் அவர்களும் பார்த்த நிலம்.

அயோவா மாநிலத்தின் ராச்செஸ்டர் கல்லறைத் தோட்டம் சுமார் 13 ஏக்கர். இன்றும் ஊரார் அடக்கம் செய்யப்படும் இடம். அங்கேயும் இந்த ப்ரெய்ரிப் புல்லை வெட்டுவதா விடுவதா என்று நெடுநாள் சச்சரவு. தன் பாட்டியின் கல்லைத் தேடி வருகிறவர் புதருக்குள் தடவ வேண்டியிருந்தால் மனம் நோகத்தானே செய்யும்? அந்த நோவை அறியாமை என்று ஒதுக்கக்கூடாது. ஆனால் வாராவாரம் ஒட்ட வெட்டினால், பூத்து விதை தள்ளுமுன்பே செடிகள் ஓய்ந்துவிடும். கல்லுக்குப் போக வழி வெட்டிவிட்டு மற்றதை விட்டுவைப்பதே இருதரப்புக்கும் நியாயம்.

இந்தப் புல்லுக்கு அவ்வப்போது தீயும் வேண்டும். புதர் கருகும், வேர் மண்ணுக்கடியில் பிழைத்துக்கொள்ளும். பளிங்கு சூடு தாங்காது. ஆகவே கல்லைச் சுற்றி முதலில் புல்லறுத்துவிட்டுத்தான் தீ வைக்கவேண்டும். பாசி படிந்த கல்லுக்குத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

கோடையில் பிகிலோவில் ‘ராயல் கேட்ச்ஃபிளை’ என்ற செடி பூக்கிறது. அரிதாகிவிட்ட செடி, இரத்தச் சிவப்பு. கற்களுக்கு நடுவே, தானாக முளைத்து.