வெள்ளி ரூபாய் பெருமை பேசுபவர்களுக்கு ஒரு கணக்கு

"வெள்ளைக்காரன் காலத்துல ரூபாய்னா வெள்ளி ரூபாய். அதுக்குன்னு ஒரு மதிப்பு இருந்துச்சு!" இந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். குடும்ப குரூப்பில் ஒரு சித்தப்பாவாவது போட்டிருப்பார்.

தோழர்களே, அந்த மதிப்பு என்ன ஆச்சுன்னு பார்ப்போமா?

1835 முதல் அடித்த ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு சுத்த வெள்ளி. 1870 வாக்கில் ஏறக்குறைய 10 ரூபாய்க்கு ஒரு பவுண்டு. பிறகு ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறி, கையில் இருந்த வெள்ளியை விற்க ஆரம்பித்தது. 1873இல் அமெரிக்காவும் சட்டம் போட்டு வெள்ளி டாலரைக் கைவிட்டது. அங்கே நெவாடா சுரங்கங்களில் வெள்ளி கொட்டிக்கொண்டிருந்த நேரம் வேற! அரசாங்கங்களே வேண்டாம்னு தள்ளிவிட்ட சரக்கு என்ன விலை போகும்? 1892இல் ஒரு பவுண்டுக்கு 16 ரூபாய் கொடுக்க வேண்டியதாச்சு.

நாணயத்துல ஒரு குண்டுமணி வெள்ளிகூட குறையல. கவனிங்க.

"சரி, இதுல நமக்கென்ன நஷ்டம்?" லண்டன் இந்தியா ஆபீஸ் செலவு, ஓய்வுபெற்ற வெள்ளைக்கார அதிகாரிகளின் பென்ஷன், கடனுக்கும் ரயில்வேக்கும் வட்டி என்று 'ஹோம் சார்ஜஸ்' எல்லாம் பவுண்டில்தான் கட்டணும். வசூல் மட்டும் நம்ம விவசாயிகிட்ட, ரூபாயில். ஒரு கோடி பவுண்டு அனுப்ப முன்பு 10 கோடி ரூபாய் போதும். இப்போ 16 கோடி!

இதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வைத்தியம்தான் கொடுமை. அதுவரை யார் வேண்டுமானாலும் வெள்ளியை நாணயச்சாலையில் கொடுத்து, சிறு கட்டணம் போக ரூபாயாக வாங்கலாம். 1893 ஜூனில் அந்தக் கதவை மூடினார்கள். ரூபாய்க்குத் தட்டுப்பாடு வந்தால் அதன் மதிப்பு ஏறும் என்று கணக்கு. ஏறவும் செய்தது, சில வருஷத்தில் 15 ரூபாய்க்கு ஒரு பவுண்டு. ஆனா பேங்க் இல்லாத ஊரில் ஏழை வீட்டுச் சேமிப்பு எது? கொலுசு, தண்டை, அரைஞாண். 1876–78 பஞ்சத்தில் அதை உருக்கி ரூபாயாக்கிச் சோறு கண்டவர்கள் உண்டு. 1896–97 பஞ்சத்தில் அதே எடை வெள்ளிக்கு அத்தனை ரூபாய் கிடைக்கல. நிலவரி மட்டும் குறையாத ரூபாயில்!

மக்களுக்குத் தெரியாமல் வரியை ஏற்றும் வேலை இது என்று தாதாபாய் நௌரோஜி அப்போதே எதிர்த்தார். கேட்டது யாரு?

'மதிப்பு இருந்த காலம்'னு சொல்றது இதைத்தான். அந்த ஃபார்வர்டு போடுறவங்களுக்கு இந்தக் கணக்கையும் சேர்த்து அனுப்பி வைங்க.