விற்றது அவவின் வீடு, வாங்கியது அவரின் வீடு

கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்ணைப் பற்றிப் பேச வருகின்ற எவரும் ஒரு விடயத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. "எங்கட பக்கத்துல ஊடு பொம்புளட பேர்லதான்" என்பதே அது. இலக்கியக் கூட்டங்களில் இதனைக் கேட்டிருக்கிறேன். வெளியூர் நண்பர்களிடம் நானே மார்தட்டிச் சொல்லியும் இருக்கிறேன். இனி அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அதற்கான காரணத்தையே இங்கு எழுதுகிறேன். வாசித்துவிட்டுக் கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.

அந்தப் பேச்சில் பொய் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட தமது நூலில், இக்கரையோரத்துத் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் கலியாணத்தோடு வீடு மகளுக்குப் போகின்ற முறையை விரிவாகவே எழுதியுள்ளார். எங்கள் நற்பிட்டிமுனையிலும் அதே வழக்கந்தான். மூத்த குமருக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் பின்வளவில் ஒரு குசினியோடு ஒதுங்கி, இளையவளுக்கான அத்திவாரத்தை வெட்டத் தொடங்குவார்கள். இரண்டு போக வயல், கட்டாருக்கும் சவூதிக்கும் போன ஆண்மக்களின் சம்பளம், சில வீடுகளில் பணிப்பெண்ணாகப் போன உம்மாவின் சம்பளம், எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சுவர் எழும்புகிறது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருகிறார். உறுதி மகளின் பெயரில் இருக்கிறது. இதுவரையும் சரி.

அந்த வீடு விற்கப்படும்போது என்ன நடக்கிறது? இதைத்தான் நாம் ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

என் ராத்தாவுக்கு 1998 இல் கலியாணம். பன்னிரண்டு பேர்ச் வளவும் கல்வீடும் வாப்பா நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்தவை. இருபத்து மூன்று வருடம் அந்த வீட்டில் இருந்தா. 2021 இன் கடைசிப் பகுதியில் மச்சானின் வியாபாரம் நொடிந்தது. வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, மிச்சத்தில் சற்று உள்ளே ஒரு வளவு வாங்கிப் புதிதாகக் கட்டலாம் என்று முடிவாயிற்று. முடிவை எடுத்தவர்கள் ஆண்கள். ராத்தாவுக்குச் சொல்லப்பட்டது. "நீங்க யோசிச்சிச் செய்தாச் சரிதானே" என்றா.

விலை எண்பது இலட்சம். நொத்தாரிசின் கந்தோருக்கு என்னையும் கூப்பிட்டார்கள், சாட்சிக் கையெழுத்துக்கு. உறுதி வாசிக்கப்பட்டது. வாசித்த வேகத்தில் எனக்கே பாதிதான் விளங்கியது. "விளங்கின தானே?" என்று நொத்தாரிசு ராத்தாவைக் கேட்டார். "விளங்கின சேர்" என்று மச்சான் பதில் சொன்னார். ராத்தா கையெழுத்து வைத்தா. நானும் வைத்தேன். உறுதியில் எழுதப்பட்ட விலை முப்பது இலட்சம். முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்கு எல்லோரும் செய்வதுதான் என்றார்கள். மேசையில் எண்ணப்பட்ட காசு மச்சானின் பைக்குள் போனது.

பிறகு நடந்தது நாடறிந்த கதை. கடனும் தரகர் கூலியும் போக மிஞ்சிய ஐம்பத்திரண்டில் முப்பது இலட்சத்துக்குப் பத்துப் பேர்ச் வளவு வாங்கினார்கள். மிச்சத்தில் வீடு எழும்ப வேண்டும். 2022 மார்ச்சில் ரூபா விழுந்தது. சில மாதங்களில் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டிற்று. முதல் வருடம் ஆயிரம் ரூபா சொச்சத்துக்கு வாங்கிய சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தொட்டது. கம்பியும் ஓடும் அதைப் போலத்தான். சுவர் லின்டல் மட்டத்தில் நின்றுவிட்டது. ராத்தாவின் குடும்பம் இன்றும் வாடகை வீட்டில் இருக்கிறது.

ரூபா விழுந்ததற்கு மச்சான் பொறுப்பல்ல. அதைப் பற்றி நான் முறையிடவும் இல்லை. என் முறைப்பாடு வேறு. 2024 இல் ராத்தா ஒரு கடதாசி உறையோடு என்னிடம் வந்தா. உள்ளே புதிய வளவின் உறுதி. "தம்பி, இத ஒருக்கா வாசிச்சிப் பாரு. இதுல என்ட பேர் எங்க இரிக்கி?" என்று கேட்டா. முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். எங்கும் இல்லை. வாங்குபவர் என்ற இடத்தில் மச்சானின் பெயர் மட்டுமே இருந்தது.

நான் மச்சானிடம் போனேன். அவர் கெட்டவரல்லர். குடி, சூது எதுவும் இல்லாதவர், ராத்தாவைக் கண்கலங்க வைக்காதவர். அவர் கேட்டார்: "என்ன மச்சான், புருசன் பொஞ்சாதிக்குள்ள என்ன கணக்கு? என்ட பேர்ல இருந்தா என்ன, அவட பேர்ல இருந்தா என்ன?" இந்த வாதத்தை நான் மச்சானிடம் மட்டும் கேட்கவில்லை. படித்தவர்கள், எழுதுபவர்கள், மேடையில் பெண்ணுரிமை பேசுபவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் ஒன்றே. இரண்டும் ஒன்றுதான் என்றால் அவவின் பெயரில் எழுதுவதில் என்ன தடை? ஏன் ஒவ்வொரு தடவையும் அந்த "ஒன்று" ஆணின் பெயராகவே வந்து முடிகிறது?

இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சட்டமும் மார்க்கமும் தெளிவாகவே சொல்கின்றன. மனைவியின் சொத்து மனைவியுடையது. கணவனுக்கு அதில் பாத்தியதை இல்லை. இது ஷரீஅத்தின் அரிச்சுவடி. கணவன் மௌத்தானால் பிள்ளைகள் உள்ள மனைவிக்கு அவனது சொத்தில் எட்டில் ஒன்று. அதாவது முழுதாகத் தன்னுடையதாக இருந்த வீட்டை விற்ற காசில் வாங்கிய வளவில், நாளை என் ராத்தாவுக்கு எட்டில் ஒரு பங்கு. மச்சான் இன்னொரு கலியாணம் செய்தால் அந்த எட்டிலொன்றையும் இருவர் பங்கிட வேண்டும். தலாக் நடந்தால் அதுவும் இல்லை. ஒரு கையெழுத்தில் எட்டில் ஏழு பங்கு போனதை ஊர் "வீடு மாறினார்கள்" என்று சொல்கிறது.

கைக்கூலிக்காவது ஒரு வழி உண்டு. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி அதைக் காழியாரிடம் கேட்டுப் பெறலாம். ஆனால் அச்சட்டம் கைக்கூலி என்று வரைவிலக்கணப்படுத்துவது மாப்பிள்ளையிடம் கொடுக்கப்படும் காசையும் அசையும் சொத்தையும் மாத்திரமே. வீடு அதற்குள் அடங்காது. வீட்டுக்குள்ள ஒரே காவல் உறுதியில் உள்ள பெயர்தான். அந்தப் பெயர் போனால் காவலும் போயிற்று.

இது ஒரு குடும்பத்தின் கதை என்று ஒதுக்குபவர்கள் சுனாமிக்குப் பின்னர் நடந்ததை நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26 இல் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரையோரத்தில் அழிந்த வீடுகளுள் சீதன வீடுகள் எத்தனையோ. பெண்களின் பெயரில் இருந்த வீடுகள் அவை. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்ற அறிவிப்பு வந்து, பின்னர் அது தளர்த்தப்பட்டது. இதற்கிடையில் குடியேற்றப்பட்டவர்களுக்குக் காணியும் வீடும் கொடுக்கும்போது படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்றொரு கட்டம் இருந்தது. பல இடங்களில் அந்தக் கட்டத்துக்குள் ஆணின் பெயர் எழுதப்பட்டது. தாய்வழியாக வந்த வீடு ஒரு படிவத்தில் ஆணுக்கு மாறிற்று. பெண்கள் அமைப்புகள் சில இதை எதிர்த்தன. நமது சஞ்சிகைகள் அலையைப் பற்றிக் கவிதைகளை வெளியிட்டன. அந்தக் கட்டத்தைப் பற்றி எத்தனை பேர் எழுதினோம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர் எங்களுடையது. ஒருவர் தன் வளவை அடுத்த சமூகத்தவருக்கு விற்கப் போகிறார் என்ற கதை கிளம்பினால் போதும், இரு பக்கத்திலும் ஊர் கூடும். பெரியவர்கள் வீடு தேடிப் போவார்கள். மண் பறிபோகிறது என்பார்கள். ஆனால் ஒரு பெண்ணின் வீட்டை விற்ற காசு யாருடைய கைக்குப் போயிற்று, புதிய உறுதி யாருடைய பெயரில் எழுதப்பட்டது என்று கேட்க ஒருவரும் கூடியதை நான் கண்டதில்லை. மண் அடுத்த வேலிக்குப் போனால் பறிபோவது. அவளிடமிருந்து அவளது கணவனுக்குப் போனால் குடும்ப விடயம். இது என்ன நியாயம்?

"சீதனமே பிழை என்று சொல்ல வேண்டிய நீர், சீதன வீட்டுக்கு வக்காலத்து வாங்குகிறீரா?" என்று நண்பர்கள் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சீதனம் ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. குமரைக் கரைசேர்க்க வாப்பாமார் படும் பாட்டை என் வாப்பாவிடமே கண்டவன் நான். ஆனால் ஒழிப்பவர்கள் எதை ஒழிக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். மாப்பிள்ளை வீடு கேட்பது ஒழிந்து, மகளுக்கு வாப்பா கொடுப்பதும் ஒழிந்து, ஆண்மக்களின் பெயரில் எல்லாம் எழுதப்படுமானால் மிஞ்சப்போவது என்ன? கேட்பதை நிறுத்துங்கள். கொடுத்ததைப் பறிப்பதையும் நிறுத்துங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டாம்.

நமது எழுத்தாளர்களிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். நாற்பது, ஐம்பது வருடங்களாகச் சீதனத்தைப் பற்றிக் கதை எழுதிவருகிறோம். கலியாணம் தடைப்பட்ட குமர், கடனாளியான வாப்பா, வெளிநாட்டில் உழைத்துத் தேய்ந்த காக்கா, எல்லோரும் வருகிறார்கள். கதை கலியாணத்தோடு முடிந்துவிடுகிறது. வீடு கொடுத்தாயிற்று, இனி அவளுக்குக் கவலையில்லை என்று நாமும் பேனாவை மூடிவிடுகிறோம். இருபது வருடம் கழித்து அந்த வீடு விற்பனைக்கு வருகின்ற நாளைப் பற்றி எழுதியவர் நம்மில் மிகச் சிலரே. உறுதியை வாசித்து அறியாதவன் வீட்டைப் பற்றி என்ன எழுதுவான்?

செய்யக்கூடியவை உள்ளன. அவற்றுக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. மகளுக்கு வீடு எழுதும் வாப்பாமார் அது மீளப்பெற முடியாத நன்கொடை என்று உறுதியிலேயே எழுதுவிக்க வேண்டும். அப்படி எழுதாவிட்டால் முஸ்லிம்களின் நன்கொடை மீளப்பெறக்கூடியது என்பது 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. விற்கும்போது காசை மேசையில் எண்ணாமல் அவளுடைய பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வாங்க வேண்டும். உண்மையான விலையை எழுத வேண்டும். தீர்வையில் மிச்சம் பிடிப்பது வாங்குபவர்; சான்றை இழப்பது அவள். புதிய வளவுக்கான காசும் அவளுடைய கணக்கிலிருந்தே போக வேண்டும். காசு ஒருவருடையது, உறுதி இன்னொருவரின் பெயரில் என்றால், காசு கொடுத்தவர் அதை இனாமாகக் கொடுக்க எண்ணவில்லை என்று தெரியுமிடத்து, அச்சொத்து அவருக்காகவே வைத்திருக்கப்படுவதாக 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் கொள்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் அதை நிரூபிக்கக் கடதாசி வேண்டும். என் ராத்தாவிடம் உள்ள கடதாசியில் முப்பது இலட்சம் என்றுதான் இருக்கிறது. மீதி ஐம்பது இலட்சத்துக்குச் சாட்சி அந்தப் பையும் நானும்தான். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகப் புதிய உறுதியில் அவளது பெயர் எழுதப்பட வேண்டும்.

மச்சான் இப்போது மறுப்பதில்லை. "எழுதுவம், எழுதுவம்" என்கிறார். மீண்டும் நொத்தாரிசு கூலி, மீண்டும் முத்திரைத் தீர்வை. அந்தக் காசுக்கு ஓடு போடலாமே என்கிறார். முதலிலேயே சரியாக எழுதியிருந்தால் இந்தச் செலவு இல்லை என்று நான் சொன்னேன். அவர் பேசவில்லை.

காணி விற்பனை உறுதிக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டுச் சட்டம். வெறும் கையெழுத்துக்காக மட்டும் சாட்சியை அங்கே இருத்துவதில்லை. ஒப்பமிடுபவரைத் தனக்குத் தெரியும் என்று சாட்சி சொல்கிறான். நானும் சொன்னேன். என்னைத் தூக்கி வளர்த்த ராத்தாவை எனக்குத் தெரியும் என்று சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு, அவவுக்கு இது விளங்கியதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

வாசகர்களே, உங்களையும் ஒருநாள் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். போங்கள். கையெழுத்து வைக்க முன்னர், அடுத்த வீடு யாருடைய பெயரில் என்று கேளுங்கள். அவவிடமே கேளுங்கள். பதிலையும் அவவே சொல்லட்டும்.