சிரிப்பும் கூலிக்குள் அடங்குமா?

கார்த்திகை பிறந்துவிட்டால் கன்னியாகுமரிக்கு உறக்கமில்லை. ஐயப்ப பக்தர்களின் கூட்டம் ஒருபுறம், கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் மறுபுறம் எனத் தை மாதம் வரை விடுதிகள் நிரம்பி வழிகின்றன. நள்ளிரவில் வந்திறங்குவோருக்கு அறை காட்டியவரே, கதிரவன் எழும் காட்சியைக் காண விடியுமுன் கதவைத் தட்டி அவர்களை எழுப்பவும் செய்கிறார்.

அத்தகைய விடுதியொன்றின் வரவேற்பறையில் ஒருநாள் காத்திருக்க நேர்ந்தது. வெந்நீர் வரவில்லை என்பதற்காக, மேசைக்குப் பின்னே நின்ற இளம்பெண்ணை ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார். அவர் தந்தை வயதுடையவர். நல்ல உடை உடுத்தியவர். அப்பெண்ணோ முகத்தில் சிரிப்பு மாறாமல் மீண்டும் மீண்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். “கைப்பேசியில் உங்கள் விடுதிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுவிடுவேன்” என்ற மிரட்டலோடு அம்மனிதர் படியேறினார். பெண் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். மறுகணமே அதே சிரிப்போடு என்னை நோக்கி, “சொல்லுங்க சார்” என்றார். நான் ஆறுதலாக ஏதோ சொன்னபோது, “சிரிச்சுச் சிரிச்சுக் கன்னம் வலிக்கு சார். வீட்டுக்குப் போனா பிள்ளையகிட்ட சிரிக்க வரமாட்டேங்கு” என்றார்.

“சம்பளம் வாங்குகிறார்கள், சிரித்தால் என்ன குறைந்துவிடும்?” என்று கேட்போர் நம்மிடையே பலர். குறைகிறது என்பதே என் வாதம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983ஆம் ஆண்டு ஒரு நூல் எழுதினார். கையுழைப்பு, மூளையுழைப்பு என்பவற்றோடு ‘உணர்ச்சி உழைப்பு’ என ஒன்றும் உண்டு என்று அதில் அவர் நிறுவினார். மூட்டை சுமப்பவரின் தோள் தேய்வதுபோல, மனத்தில் இல்லாததை முகத்தில் காட்டியே ஆகவேண்டியவரின் உள்ளம் தேய்கிறது. எது தன் உணர்வு, எது நிறுவனம் கேட்கும் உணர்வு என்ற எல்லையே நாளடைவில் அழிந்துபோகிறது. மூட்டைக்குக் கூலி உண்டு. வசையை விழுங்கியதற்குக் கூலி எந்தச் சம்பளப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது?

இம்மண்ணின் மக்களுக்கு இதைப் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை. 1822 முதல் 1859 வரை தென் திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைப் போராட்டம் எதற்காக? மேல்சாதியினர்முன் மார்பைத் திறந்து நிற்பதே மரியாதை என்று விதிக்கப்பட்டிருந்தது. மரியாதை உள்ளத்தில் எழுந்ததா என்று எவரும் கேட்கவில்லை. உடல் அதைக் காட்டியாக வேண்டும், அவ்வளவே. அந்தக் கட்டாயத்தை நம் முன்னோர் தாங்கவில்லை, அடிபட்டும் மீறினர். அன்றைய கொடுமையும் இன்றைய விடுதி வேலையும் ஒன்றே என்று நான் சொல்லவரவில்லை. ஆயினும், பிறர் உடலிலிருந்து பணிவைப் பிடுங்கி மகிழும் மனப்பான்மை நம்மைவிட்டு நீங்கிவிட்டதா? அன்று சாதியின் பெயரால் பெற்றதை இன்று அறை வாடகையின் பெயரால் பெறுகிறோம். கேட்பவர் மாறியிருக்கிறார், கேட்கப்படுவது அவ்வளவாக மாறவில்லை.

“விருந்தோம்பல் தமிழர் பண்பாயிற்றே!” என்பார்கள். ஆம், 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் 133 அடி உயரச் சிலையாகக் குமரிக் கடலில் எழுந்து நின்ற வள்ளுவர், அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். முகம் மாறி நோக்கினாலே விருந்தினர் வாடிவிடுவர் என்று எச்சரித்தார். ஆனால் அவர் பேசியது இல்லத்தாரிடம். தம் வீட்டில், தம் விருப்பத்தால் உணவிடுவோரிடம். மாதக் கூலிக்கு நிற்பவரின் தலையில் அந்த அறத்தைச் சுமத்திவிட்டு, அவர் முகம் வாடுவதைக் காணாதிருப்பது வள்ளுவம் அன்று.

சட்டம் என்ன சொல்கிறது? உணவு விடுதிப் பணியாளரின் வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் வரையறுக்க 1958ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் போராடியதன் பயனாய் 2018இல் கேரளமும், அதன்பின் 2021இல் தமிழகமும் கடை ஊழியர் அமர்வதற்கு இருக்கை தரவேண்டும் என விதித்தன. கால்களுக்கு இருக்கை கிடைத்தது. முகத்திற்கு ஓய்வு தருவது யார்? பணியிடத்துப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடத்திற்கு வந்துபோகும் வெளியாரிடமிருந்தும் பெண்களைக் காக்கும் கடமையை முதலாளிமேல் சுமத்துகிறது. ஆக, ‘விருந்தினர் தெய்வம்’ என்று சொல்லி, அவர் கையை நீட்டும்போது கண்ணை மூடிக்கொள்ளும் மேலாளர் சட்டத்தையே மீறுகிறார்.

நம்மவரில் விடுதி நடத்துவோரும் உண்டு. அவர்களிடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஏச்சு வரம்பு மீறினால் ஊழியர் விலகி உள்ளே செல்ல உரிமை தாருங்கள். நீங்களே முன்வந்து நில்லுங்கள். ஒற்றை நட்சத்திரத்துக்காகச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். மனிதன் வேலைக்காக அன்று, வேலையே மனிதனுக்காக என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் தொழில் பற்றிய தம் சுற்றுமடலில் போதித்தது நம் விடுதிகளுக்கும் பொருந்தும்.

இனி, நாம். ஞாயிறு திருப்பலியில் பக்கத்திலிருப்பவருக்குச் சமாதானம் கூறிவிட்டு, அன்று மதியமே சாம்பார் ஆறியதற்காகச் சர்வரை ‘டேய்’ என்று அழைக்கிறோமே, அந்த நம்மைத்தான் சொல்கிறேன். குறையைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. கொடுத்த பணத்திற்கு அறையும் உணவும் நேர்மையான சேவையும் பெற உரிமை உண்டு. ஆனால் சிரிப்பு அந்தப் பில்லில் சேராது. அது கொடுப்பவர் விரும்பினால் தரும் கொடை. கொடையைக் கட்டாயமாக வாங்கினால் அதற்குப் பெயர் வேறு.

அடுத்த முறை வரவேற்பறை மேசைமுன் நிற்கும்போது, முதலில் சிரிக்கவேண்டியவர் யார் என்று எண்ணிப் பார்ப்போம். இரவெல்லாம் விழித்திருந்தவரா? உறங்கி எழுந்து வந்த நாமா?