எத்தனை சிம் மாற்றினாலும் கமிஷனர் நம்பர் ஒன்றுதானே!

2009 செப்டம்பரில் வந்த 'உன்னைப்போல் ஒருவன்' படத்தை டிவியில் எப்போது போட்டாலும் உட்கார்ந்து பார்த்துவிடுவேன். கமல்ஹாசனும் மோகன்லாலும் போனில் மட்டுமே மோதிக்கொள்ளும் படம். 2008-ல் வந்த 'எ வெட்னஸ்டே' இந்திப் படத்தின் தமிழ் வடிவம். ஊருக்குள் குண்டு வைத்திருப்பதாகச் சொல்லி, ஊரையே பணயமாக்கி, சிறையில் இருக்கும் தீவிரவாதிகளை ஒப்படைக்கச் சொல்கிறார் பெயர் தெரியாத ஒரு சாமானியர். படத்தின் அரசியலைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். கம்ப்யூட்டரும் மொபைலும் தெரிந்தவர்கள் பார்த்தால் கதை எங்கே ஓட்டை விடுகிறது? அதைப் பார்ப்போம்.

கட்டி முடிக்காத கட்டடத்தின் மொட்டை மாடியில் லேப்டாப், டிவி, பல மொபைல்கள், சிம் கார்டுகள் சகிதம் உட்கார்ந்துகொண்டு கமிஷனரை அழைக்கிறார் நம் ஆள். போலீசாரால் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு ஹேக்கர் இளைஞரைக் கூட்டி வருகிறார்கள். அவர் கீபோர்டைத் தட்டுகிறார், திரையில் என்னென்னவோ ஓடுகிறது.

இங்கேதான் பெரிய ஓட்டை. சிம்மை எத்தனை முறை மாற்றினாலும் அழைப்பு போய்ச் சேருவது ஒரே கமிஷனரிடம். அவருடைய எண்ணுக்கு யார் யார் அழைத்தார்கள் என்ற பட்டியலை எடுத்தாலே அத்தனை சிம்களும் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொரு அழைப்புக்கும் எந்த டவர், எந்த போன் என்ற விவரத்தை மொபைல் கம்பெனியின் கம்ப்யூட்டர் தானாகவே பதிந்துவைக்கும். இதற்கு ஹேக்கர் எதற்கு? கம்பெனிக்குப் போலீஸ் ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

'எந்த போன்' என்று சொன்னேனே, அதுதான் ஐ.எம்.இ.ஐ. எண். உங்கள் மொபைலில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க எண் ஒன்று வரும் (இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள்). சிம்மை உடைத்துப் போட்டாலும் இந்த எண் போனோடுதான் இருக்கும். அதே போனில் அடுத்த சிம்மைப் போட்ட நொடியில், பழைய சிம்முக்கும் புதிய சிம்முக்கும் முடிச்சு விழுந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்க அப்போது வழி இருந்தது. சரியான ஐ.எம்.இ.ஐ. எண்ணே இல்லாத மலிவு விலை போன்கள் அந்நாளில் நாடு முழுவதும் புழக்கத்தில் இருந்தன. அவற்றுக்கு இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று மத்திய அரசு வைத்த கெடு 2009 நவம்பர் 30. படம் வந்ததோ செப்டம்பரில்! 'இது நம்பர் இல்லாத போன் சார்' என்று ஒரு வரி வசனம் வைத்திருந்தால் என் வாயை அடைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலில், பாகிஸ்தானில் இருந்தவர்கள் இன்டர்நெட் வழியாகப் பேசும் 'வாய்ப்' வசதியில், ஓர் அமெரிக்க கம்பெனியின் சேவை மூலம் கட்டளை கொடுத்தார்கள். நம் அதிகாரிகளால் பேச்சை ஒட்டுக்கேட்க முடிந்தது. ஆனால் திரையில் தெரிந்த வெளிநாட்டு எண்களில் பேசுபவர் இருக்கும் இடம் இல்லை. இந்திப் படம் அதற்கு முன்பே வந்துவிட்டது, அதைக் குறை சொல்ல முடியாது. பத்து மாதம் கழித்து வந்த தமிழ்ப் படம் இதைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

மொட்டை மாடி விஷயத்தில் மட்டும் படத்துக்குப் பாஸ் மார்க் போடுகிறேன். பீர்க்கன்கரணையில் எங்கள் மாடியில் நின்று பார்த்தால் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் டவர்கள் வரிசையாகத் தெரியும். மறுபக்கம் ஏரி. தண்ணீர்மேல் எந்தத் தடையும் இல்லாததால் அக்கரை டவரின் சிக்னலும் நன்றாகவே வரும். தெருவில் நிற்கும் போன் பெரும்பாலும் பக்கத்து டவரைப் பிடிக்கும். உயரத்தில் இருக்கும் போன் எந்த டவரை வேண்டுமானாலும் பிடிக்கலாம், தாவவும் செய்யலாம். ஜி.எஸ்.எம். முறையில் டவரிலிருந்து போன் எவ்வளவு தூரம் என்பதை சுமார் 550 மீட்டர் படிகளாகத்தான் கணக்கிட முடியும். எங்கள் பகுதியில் 550 மீட்டருக்குள் எத்தனை மாடிகள் என்று எண்ணிப் பாருங்கள்! ஆகவே உடனே பிடிக்க முடியாமல் போவது நியாயம்தான். என்ன, படம் சொல்லும் காரணம் அது இல்லை.

ஆனால் சென்னை வெயிலில் மொட்டை மாடியில் லேப்டாப் திரை தெரியுமா? 2009-ம் வருட பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? விட்டுவிடுவோம்.

விட முடியாதது ஜாமர். முக்கியப் பிரமுகர்களின் வண்டிகளோடு ஜாமர் வண்டி ஓடுவதை ஜி.எஸ்.டி. சாலையிலேயே பார்த்திருக்கிறோம். எதிராளியின் ஒரே ஆயுதம் மொபைல் என்று தெரிந்த பிறகும், தீவிரவாதிகளை ஒப்படைக்கப் போகும் இடத்துக்கு அதை ஏன் கொண்டு போகவில்லை? போலீசாருக்குப் பேசத் தனி வயர்லெஸ் இருக்கிறதே!

டிவி நிருபர் எல்லாவற்றையும் நேரடியாகக் காட்டுவதைச் சிலர் தவறு என்பார்கள். அது தவறில்லை. தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையில் காட்டக்கூடாது என்ற விதி 2015-ல்தான் வந்தது.

சினிமாதானே, இதற்கெல்லாமா கணக்குப் பார்ப்பது என்கிறீர்களா? எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் மொபைலைத் தொலைத்துவிட்டார். "புகார் கொடுங்கள் சார்" என்றேன். "சிம்மை இந்நேரம் கழற்றி வீசியிருப்பான் தம்பி, இனி எங்கே கண்டுபிடிக்கிறது? சினிமாவிலேயே காட்டினானே" என்றார். அவர் சொன்னது இந்தப் படத்தைத்தான்.

அட்டைப் பெட்டியைத் தேடச் சொன்னேன். பரணில் இருந்தது. ஸ்டிக்கரில் அந்த 15 இலக்க எண்ணும் இருந்தது. ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அந்த ரசீதோடு 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் எண்ணைப் பதிந்தோம். அப்படிப் பதிந்தால் நாட்டின் எந்த நெட்வொர்க்கிலும் அந்த போன் வேலை செய்யாது. யாராவது புது சிம் போட்டால் தகவலும் பதிவாகும். எண்ணையே திருத்தும் திருட்டு ஆசாமிகளும் உண்டு, அது தனிக் குற்றம்.

போன் இன்னும் கிடைக்கவில்லை. புது போன் வாங்கியதும் பெரியவர் செய்த முதல் வேலை, *#06# அழுத்தி, வந்த எண்களைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிவைத்ததுதான்.